ஒத்திகைக்கு வராத கதாநாயகன்

பாக்கெட்டுக்கும் ராக்கெட்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். இதை எனக்குப் புரிய வைத்தவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் ஒரு நண்பர்.

ஃபேக்டரி மெஷின்களுக்கு ப்ரோக்ராம் எழுதுவது அவர் தொழில். ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) பேக்கிங் லைன் ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தார். பெல்ட் மேல் பாக்கெட்டுகள் வரிசையாக வரும். ஒரு சென்ஸார் எண்ணும். 24 சேர்ந்ததும் ஒரு இயந்திரக் கை வந்து மொத்தமாக அட்டைப்பெட்டிக்குள் தள்ளும். இவ்வளவுதான் சமாசாரம். எழுதி முடித்து லாப்டாப்பில் ஓட்டிப் பார்த்தார். லாப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய் பெல்ட், பொய் சென்ஸார், பொய் பிஸ்கட். அதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது. மூன்று நாள் விதவிதமாக ஓட்டினார். வேகமாக, மெதுவாக, நடுவில் கரண்ட் போன மாதிரி, யாரோ எமர்ஜென்ஸி ஸ்விட்சை அமுக்கின மாதிரி. ஒரு தப்பு வரவில்லை.

நான்காம் நாள் நிஜ லைனில் ஏற்றினார்கள். முதல் பெட்டியில் 12 பாக்கெட். இரண்டாவது பெட்டியிலும் 12.

என்ன ஆச்சு என்றால், நிஜ பாக்கெட்டின் பளபளா காகிதத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பி, சென்ஸார் ஒரு பாக்கெட்டை இரண்டாக எண்ணியிருக்கிறது. லாப்டாப்பில் இருந்த பொய் சென்ஸார் அப்படியெல்லாம் செய்யாது. ஒன்றை ஒன்று என்றுதான் சொல்லும். அது அரிச்சந்திரன்.

"என் ப்ரோக்ராம் கரெக்டுதான் சார். நிஜ சென்ஸார் லாப்டாப்புக்குள்ள இல்லை, அவ்வளவுதான்" என்றார் நண்பர். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஏரியன் கதை தெரியுமா உங்களுக்கு? அதுவும் இதேதான். அங்கே செலவு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

தேடிப் படித்தேன். செலவு கொஞ்சம் ஜாஸ்திதான்.

அதற்குப் போகும் முன் இந்தப் பொய் ஃபேக்டரி எல்லாம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசி வரைக்கும் ஒரு கார் தொழிற்சாலையின் மூளை என்பது சுவர் முழுக்க அடைத்து நிற்கும் இரும்பு அலமாரி. உள்ளே நூற்றுக்கணக்கில் ரிலேக்கள். மின்சாரம் வந்தால் 'டிக்' என்று மூடிக்கொள்ளும் சின்னச் சின்ன ஸ்விட்சுகள். அவற்றுக்கு நடுவே இடியாப்பச் சிக்கலாக ஒயர். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒயரில்தான் எழுதியிருக்கும். கார் மாடல் மாறினால் தொலைந்தது. அத்தனை ஒயரையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், கார் கியர் செய்யும் தன் ஹைட்ராமேடிக் பிரிவுக்காக, இந்த அலமாரிக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. அதே ஆண்டு ஜனவரி 1-ம் தேதி, மாசசூசெட்ஸில் டிக் மார்லி என்கிற என்ஜினீயர் அப்படி ஒரு பெட்டிக்கான யோசனையை எழுதி வைத்திருந்தார். முதல் நாள் ராத்திரி புத்தாண்டுக் கொண்டாட்டத்தின் தலைவலியோடு எழுதியது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அவர் கம்பெனியின் 84-வது ப்ராஜெக்ட் அது. அதனால் பெட்டிக்குப் பெயர் மோடிகான் 084. இன்றைக்கு உலகம் முழுக்க லிஃப்ட்டிலிருந்து சர்க்கரை ஆலை வரை எதைத் திறந்து பார்த்தாலும் உள்ளே உட்கார்ந்திருக்கும் பி.எல்.சி. என்கிற பெட்டிக்கு அதுதான் தாத்தா.

ஒயர் போய் ப்ரோக்ராம் வந்தது. சௌகரியம். ஆனால் ஒயரில் இருக்கும் தப்பைக் கண்ணால் பார்க்கலாம், மீட்டர் வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். ப்ரோக்ராமில் இருக்கும் தப்பை? ஓட்டினால்தான் தெரியும். 200 டன் பிரஸ்ஸில் ஓட்டிப் பார்த்து, கை உள்ளே இருக்கும்போது அது இறங்கினால்? பாய்லரில் ஓட்டிப் பார்த்து வால்வ் திறக்காமல் போனால்? அதனால்தான் பொய் பிரஸ், பொய் பாய்லர். கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபேக்டரியைக் கட்டி, ப்ரோக்ராமை அதில் விட்டு, வெடிப்பதாக இருந்தால் அங்கேயே வெடிக்கட்டும் என்று பார்ப்பது. சிமுலேஷன்.

ராக்கெட்டும் ஒரு வகையில் ஃபேக்டரிதான். சென்ஸார் இருக்கிறது, வால்வ் இருக்கிறது, ஹைட்ராலிக் கை இருக்கிறது, எல்லாவற்றையும் ஆட்டி வைக்கும் ப்ரோக்ராம் இருக்கிறது. வெள்ளோட்டம் மட்டும் கிடையாது. ஒரே தடவை. அதனால் சிமுலேஷன் இல்லாமல் ராக்கெட் இல்லை.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் ஃபிரெஞ்சு கயானா. அங்கே கூரு என்கிற ஊர். நமக்கு ஸ்ரீஹரிகோட்டா மாதிரி ஐரோப்பாவுக்கு கூரு. ஏவுதளத்தில் ஏரியன் 5. சுமார் 740 டன் எடை. பத்து வருஷ உழைப்பு. 700 கோடி டாலர் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைக்குத்தான் முதல் பயணம். மூக்கில் க்ளஸ்டர் என்கிற திட்டத்தின் நான்கு செயற்கைக்கோள்கள். சூரியனிலிருந்து வீசும் துகள் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதும்போது என்ன நடக்கிறது என்று நான்கு பக்கத்திலிருந்தும் சேர்ந்து பார்க்கப் போகிற நான்கு சகோதரிகள்.

காலையில் மேகமூட்டம். ராக்கெட் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விதி இருந்ததால் கவுன்ட் டவுனை நிறுத்தி வைத்தார்கள். பிறகு வானம் தெளிந்தது. உள்ளூர் நேரம் 9 மணி 33 நிமிஷம் 59 விநாடிக்கு எஞ்சின் பற்றிக்கொண்டது. சில விநாடிகளில் பக்கவாட்டு பூஸ்டர்களும் சேர்ந்துகொள்ள, ராக்கெட் எழும்பியது. கைதட்டல். எல்லாம் சரி. 36 விநாடி வரைக்கும் எல்லாமே சரி.

37-வது விநாடியில் ராக்கெட் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. எதிரே ஒன்றுமே இல்லாத வானத்தில், எதிலோ மோதிவிடாமல் இருக்க டிரைவர் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்புவாரே, அந்த மாதிரி. அந்த வேகத்தில் அப்படித் திரும்பினால் காற்றே சுவர் மாதிரி அறையும். பூஸ்டர்கள் பிய்த்துக்கொண்டன. அப்படி ஏதாவது நடந்தால் தன்னைத்தானே அழித்துக்கொள்ள ராக்கெட்டுக்கு ஏற்கெனவே உத்தரவு. அழித்துக்கொண்டது. உயரம் சுமார் 3,700 மீட்டர். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மிச்சமெல்லாம் 12 சதுர கிலோமீட்டருக்குச் சிதறி விழுந்தது.

விழுந்த இடம் பெரும்பாலும் சதுப்பு நிலக் காடு. பிச்சாவரம் போயிருக்கிறீர்களா? அந்த மாதிரி வேரும் சேறுமான இடம். அதற்குள் இறங்கித் தேடினார்கள். தேடியது முக்கியமாக இரண்டு பெட்டிகளை. கிடைத்தும்விட்டன.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பிரான்ஸின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து ஒரு விசாரணைக் குழு போட்டன. தலைவர் ழாக் லூயி லியோன்ஸ். கணித மேதை. இயங்குகிற அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதன் கணக்கையே வாழ்நாள் முழுக்கப் போட்டவர். (இவர் மகனும் கணித மேதை. 1994-ல் ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினார். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசிக்கொள்வார்களோ!) ஜூன் 13-ம் தேதி வேலையைத் தொடங்கிய குழு ஜூலை 19-ல் அறிக்கை கொடுத்துவிட்டது. ஐந்து வாரம். நம் ஊர் விசாரணைக் கமிஷன்கள் ஆபீஸுக்கு மேஜை நாற்காலி வாங்கும் நேரம். அதைவிட ஆச்சரியம், அறிக்கையைப் பூட்டி வைக்காமல் வெளியிட்டார்கள். ஒரு பி.காம். பட்டதாரி உட்கார்ந்து படித்தாலும் முக்கால்வாசி புரிகிறது. அத்தனை பளிச்சென்று எழுதியிருக்கிறார்கள்.

சேற்றில் தேடிய இரண்டு பெட்டிகளுக்கு வருவோம். ராக்கெட் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒவ்வொரு கணமும் அளந்து சொல்லும் கருவி அது. ராக்கெட்டின் உள்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று தனி கம்ப்யூட்டர், தனி ப்ரோக்ராம். அது சொல்வதை வைத்து மெயின் கம்ப்யூட்டர் எஞ்சின் முனைகளைத் திருப்பி ராக்கெட்டை நேராக வைத்திருக்கும். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு.

இரண்டுமே புதிது அல்ல. முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-ல் பிரமாதமாக வேலை செய்தவை. ப்ரோக்ராமையும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஓடுகிற வண்டியைப் பிரிக்காதே என்பது மெக்கானிக் தர்மம் அல்லவா?

அந்த ப்ரோக்ராமில் ஒரு பகுதி ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் மட்டும் தேவைப்படுவது. எது மேல், எது வடக்கு என்று கருவியைச் சரிபார்த்து நிறுத்தும் வேலை. ராக்கெட் தரையை விட்டதும் அதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஏரியன் 4 காலத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கடைசி விநாடிகளில் கவுன்ட் டவுன் நின்றுவிட்டால், இந்தச் சரிபார்ப்பை முதலிலிருந்து செய்ய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால், புறப்படும் கட்டம் வந்த பிறகும் 50 விநாடிக்கு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று விட்டு வைத்தார்கள். 1989-ல் ஒரே ஒரு முறை அது உதவியும் செய்தது. ஏரியன் 5-ல் கிளம்பும் முறையே வேறு. அந்த வசதி தேவையே இல்லை. இருந்தும் எடுக்கவில்லை. நன்றாக ஓடும் ப்ரோக்ராமில் எதற்குக் கை வைப்பானேன்?

இந்த வேண்டாத பகுதிதான் வேலை வைத்தது. அதில் ஒரு கணக்கு. ராக்கெட்டின் பக்கவாட்டு வேகத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு எண்ணை, பெரிய அளவான 64 பிட்டிலிருந்து சின்ன அளவான 16 பிட்டுக்கு மாற்ற வேண்டும். அண்டாவில் இருப்பதை டம்ளரில் ஊற்றுவது. அண்டாவில் தண்ணீர் கொஞ்சமாக இருக்கும் வரை பிரச்னை இல்லை. அந்த டம்ளர் கொள்ளும் அதிகபட்ச எண் 32,767. ஏரியன் 4 சாதுவாக மேலே போகிற ராக்கெட். அதன் எண் அந்த அளவைத் தாண்டவே தாண்டாது. ஏரியன் 5 பலசாலி. அதன் பக்கவாட்டு வேகம் ஐந்து மடங்கு சீக்கிரமாக ஏறும்.

36.7-வது விநாடியில் டம்ளர் வழிந்தது.

வழிந்தால் என்ன, கொஞ்சம் சிந்தும், துடைத்துக்கொள்ளலாம் என்றுதானே நினைப்போம்? ஆனால் ப்ரோக்ராமுக்குக் கொடுத்திருந்த உத்தரவு வேறு. ஏதாவது விபரீதம் நடந்தால் கருவி பழுது என்று அர்த்தம். விவரத்தைக் குறித்து வைத்துவிட்டு உடனே வேலையை நிறுத்திவிடு, ஸ்பேர் பார்த்துக்கொள்ளும். தண்ணீர் சிந்தியதற்காக சமையல்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். சரி, ஸ்பேர் சமையல்காரர்? ஒரே கைடைப் படித்த இரட்டைப் பிள்ளைகள் பரீட்சையில் ஒரே கேள்விக்கு ஒரே தப்பான பதிலைத்தானே எழுதும்? உண்மையில் ஸ்பேர் பெட்டிதான் முதலில் போனது. 0.05 விநாடி கழித்து மெயின் பெட்டியும் போனது. போவதற்கு முன், எனக்கு இன்ன கோளாறு என்று ஒரு தகவலை மெயின் கம்ப்யூட்டருக்கு அனுப்பியது. மெயின் கம்ப்யூட்டர் அந்த மரண வாக்குமூலத்தை ராக்கெட் இருக்கும் நிலை என்று எடுத்துக்கொண்டது. ஐயய்யோ, இவ்வளவு சாய்ந்துவிட்டோமா என்று எஞ்சின் முனைகளை ஒரேயடியாகத் திருப்பியது. பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இந்தக் கதையை உலகம் முழுக்க 'ஒரு சின்ன ப்ரோக்ராம் தப்பால் ராக்கெட் வெடித்தது' என்று சொல்லிச் சொல்லியே சுருக்கிவிட்டார்கள். கல்லூரிகளிலும் இப்படித்தான் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எழுதியவர்கள் ஒன்றும் தெரியாமல் எழுதவில்லை. வழியக்கூடிய டம்ளர்கள் மொத்தம் ஏழு என்று கண்டுபிடித்து, நான்கைப் பாதுகாத்திருந்தார்கள். மூன்றை விட்டதற்கும் காரணம் உண்டு. அந்தச் சின்ன கம்ப்யூட்டரின் வேலைச் சுமை 80 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு. இந்த மூன்றும் எப்படியும் அந்த அளவுக்கு ஏறாது என்று கணக்குப் போட்டு, பல கம்பெனிகளும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டு விட்டது. ஏரியன் 4-க்கு அந்தக் கணக்கு சரி. தப்பு எங்கே வேண்டுமானாலும் நுழையும். மனுஷன் எழுதுவதுதானே? பிடிப்பதற்காகத்தான் சிமுலேஷன். அது ஏன் பிடிக்கவில்லை?

பாரிஸுக்குப் பக்கத்தில் லெ மூரோ என்கிற ஊரில் இதற்கென்றே ஒரு பெரிய பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார்கள். உள்ளே பொய் வானம், பொய் காற்று, பொய் எஞ்சின். நிஜ மெயின் கம்ப்யூட்டரையும் நிஜ ப்ரோக்ராமையும் கொண்டுவந்து அந்தப் பொய் உலகத்தில் பறக்க விட்டார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏகப்பட்ட தடவை. சென்ஸார் செத்தால் என்ன ஆகும், எஞ்சின் முனை சரியாகத் திரும்புகிறதா, எல்லாம் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பாஸ்.

அந்த இரண்டு பெட்டிகள் மட்டும் அங்கே இல்லை.

அவற்றுக்குப் பதிலாக ஒரு டூப். அந்தப் பெட்டி என்ன சொல்லுமோ அதைத் தானே சொல்லும் ஒரு சாஃப்ட்வேர். சினிமாவில் ஆபத்தான காட்சியில் மட்டும் டூப் வருவார். இங்கே தலைகீழ். ஒத்திகை முழுக்க டூப். கதாநாயகன் நேராக அரங்கேற்றத்துக்கு வந்தார். டூப்புக்கு டம்ளர் கிடையாது. 32,767 என்கிற எல்லை கிடையாது. நண்பரின் லாப்டாப்பில் இருந்த அரிச்சந்திரன் மாதிரி, எத்தனை தடவை கேட்டாலும் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரிஜினல் பெட்டியைக் கொண்டுவந்து ஒயர் சரியாகப் பொருந்துகிறதா, மின்சாரம் சரியாகப் பாய்கிறதா என்று பார்த்தார்கள். பறக்க மட்டும் விடவில்லை.

ஏன்? சோம்பேறித்தனமா? அப்படிச் சொல்லிவிட்டால் சுலபம். அவர்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியை நம்ப வைக்கிற அளவுக்குத் துல்லியமான பொய் சிக்னலை அந்தக் கூடத்தின் எலெக்ட்ரானிக்ஸால் கொடுக்க முடியாது. பெட்டிக்கு ஒரு மில்லி விநாடித் தாளம், பரிசோதனைக்கூடத்துக்கு ஆறு மில்லி விநாடித் தாளம், இரண்டையும் சேர்த்துவைப்பது தலைவலி. பெட்டி பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க டூப்தான் வசதி, நிஜப் பெட்டியை வேண்டுமென்றே கெடுக்க முடியாது. (கடைசிக் காரணம் படிக்கும்போது கொஞ்சம் வயிற்றைப் பிசைகிறது.)

ஆனால் தலையாய காரணம் இதெல்லாம் இல்லை. அந்தப் பெட்டி 'ஏற்கெனவே தேறிவிட்டது' என்பதுதான். பெட்டியைச் செய்த கம்பெனி டெஸ்ட் செய்து சர்டிஃபிகேட்டோடு கொடுத்திருக்கிறது, அப்புறம் நாம் எதற்கு?

சரி, செய்த கம்பெனி டெஸ்ட் செய்ததா? செய்தது. கேட்டதையெல்லாம் செய்தது. ஏரியன் 5 எந்தப் பாதையில், எந்த வேகத்தில் போகும் என்கிற விவரம் அந்தப் பெட்டிக்கான தேவைப் பட்டியலிலேயே இல்லை. சேர்க்க வேண்டாம் என்று எல்லோருமாகப் பேசி முடிவெடுத்திருந்தார்கள்! மாப்பிள்ளை வீட்டார் விசாரித்திருப்பார்கள் என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டார் விசாரித்திருப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரும் நினைத்து நடத்திய கல்யாணம்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது முதல் வருஷப் பாடம். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று ஆகாது. ஒரு பில்லை டெபிட்டிலும் எழுதவில்லை, கிரெடிட்டிலும் எழுதவில்லை என்று வையுங்கள். டிரையல் பேலன்ஸ் ஜோராக டேலி ஆகும். எங்கள் புரொஃபஸர் இதைச் சொல்லிவிட்டு, 'விட்டுப்போன பில்லை எந்த லெட்ஜரிலும் தேடாதீர்கள், அலமாரிக்குப் பின்னால் தேடுங்கள்' என்பார். நாங்கள் சிரிப்போம். லெ மூரோவில் டேலி ஆனது அந்த மாதிரி ஒரு டிரையல் பேலன்ஸ்.

லியோன்ஸ் குழு இதில் விடவில்லை. அந்தப் பெட்டியை ஏறக்குறைய முழுமையாகவே ஒத்திகையில் சேர்த்திருக்க முடியும், தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை என்று எழுதியது. அதைவிடச் சின்ன வழிகூட இருந்தது. பெட்டியை ஒரு சுழல் மேஜையில் வைத்து, ராக்கெட் சாய்கிற மாதிரி மேஜையை அசைத்து, ஏரியன் 5-ன் வேகக் கணக்கை சிக்னலாக உள்ளே அனுப்பினால் போதும். தரையிலேயே, ஒரு அறைக்குள்ளேயே குட்டு உடைந்திருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. வெடித்த பிறகு, பெட்டியின் அதே ப்ரோக்ராமை ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். டூப் இல்லை, ஒரிஜினல். ஜூன் 4-ம் தேதி ராக்கெட் நிஜமாகப் போன பாதையின் எண்களை உள்ளே கொடுத்தார்கள். ஓட்டினார்கள். எண் ஏறியது. டம்ளர் வழிந்தது. ப்ரோக்ராம் வேலையை நிறுத்திக்கொண்டது. அன்றைக்கு வானத்தில் நடந்தது ஒவ்வொரு படியாக அப்படியே மேஜை மேல் நடந்தது.

அந்த அறையில் அப்போது இருந்தவர்களின் முகங்களை நினைத்துப் பார்க்கிறேன்.

குழு பரிந்துரைகளை வரிசையாக எழுதியது. அந்த வேண்டாத சரிபார்ப்பு வேலையைத் தரையை விட்டதும் நிறுத்து. எந்த சென்ஸாரும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளக்கூடாது, அரைகுறையாகவாவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு வேண்டியது இன்னொன்று: நிஜக் கருவிகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஒத்திகைக்குள் கொண்டுவா, நிஜ எண்களைக் கொடு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்னாலும் முழுசாக ஓட்டிப் பார்.

அப்படியும் ஏரியன் 5-க்கு உடனே விடியவில்லை. 1997 அக்டோபர் 30-ல் போன இரண்டாவது ராக்கெட், உருளத் தொடங்கி, எஞ்சின் முன்கூட்டியே அணைந்து, போக வேண்டிய உயரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அது வேறு கோளாறு. 1998 அக்டோபரில் மூன்றாவதுதான் சுத்தமாகப் போனது. அதன் பிறகு இந்த ராக்கெட் உழைத்த உழைப்பு சும்மா சொல்லக்கூடாது. 2007 மார்ச்சில் நம் இன்சாட் 4பி-யை ஏற்றிப் போனதும் அதே கூருவிலிருந்து அதே ஏரியன் 5-தான். தமிழ்நாட்டில் எத்தனையோ மொட்டை மாடிகளில் சன் டைரக்ட் குடை முளைத்ததே, அதற்குப் படம் அனுப்பியது அந்தச் செயற்கைக்கோள். 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை ஏற்றிச் சென்றதும் ஏரியன் 5. மொத்தம் 117 பயணம். 2023 ஜூலை 5-ல் ஓய்வு பெற்றது.

நான்கு சகோதரிகள்? விஞ்ஞானிகள் ஒரு வாரம் அழுதிருப்பார்கள், பிறகு மறுபடி கட்டினார்கள். மிச்சமிருந்த உதிரி பாகங்களிலிருந்து முதலில் ஒன்று. அதற்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். ஒன்று போதாது என்று இன்னும் மூன்று. 2000-ம் ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு இரண்டாக, இந்த முறை பைக்கனூரிலிருந்து ரஷ்யாவின் சோயுஸ் ராக்கெட்டில் அனுப்பினார்கள். ரும்பா, சல்சா, சம்பா, டேங்கோ என்று நடனப் பெயர்கள். 24 வருஷம் வேலை செய்தன. 2024 செப்டம்பரில் சல்சாவைத் தென் பசிபிக் கடலுக்கு மேல் இறக்கி எரித்தார்கள்.

போன மாதம் அம்பத்தூர் பக்கம் போயிருந்தேன். நண்பரின் மேஜை மேல் வழக்கம் போல லாப்டாப். திரையில் வழக்கம் போலப் பொய் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. லாப்டாப்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. முனையில் நிஜ சென்ஸார், சிவப்பாக மினுக்கிக்கொண்டு. பக்கத்தில் பேசின் நிறைய விதவிதமான காலி பிஸ்கட் கவர்கள், சிப்ஸ் கவர்கள், சோப்பு உறைகள். அசிஸ்டென்ட் பையன் ஒவ்வொன்றாக எடுத்து சென்ஸாருக்கு முன்னால் ஆட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஆட்டுக்கும் திரையில் எண் ஒன்று கூடியது.

"காலையிலேர்ந்து இதேதான் சார் வேலை" என்றான் பையன்.

ஒரு வெள்ளி நிறக் கவரை ஆட்டினான். இரண்டு கூடியது. நண்பர் பேனாவை எடுத்தார்.